சாஜிதாவின் லேப்டாப் நொண்டிய வாரம்

திண்டிவனத்தில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸ். சாஜிதாவுக்கும் வல்லரசுக்கும் எதிரெதிர் மேஜை, ஒரே மாடல் லேப்டாப். திங்கட்கிழமை முதல் சாஜிதாவுடையது மட்டும் நொண்டியது. பிளானில் ஒரு சுவரை நகர்த்துவதற்குள் டீ ஆறிப்போனது.

"உங்க மெஷினுக்கு பென்ஷன் குடுத்து அனுப்பிடுங்க மேடம்" என்று வல்லரசு சிரித்தான்.

புதன்கிழமை முதலாளி கிருஷ்ணசாமி கத்தினார். "வானூர் பார்ட்டி வந்து உக்காந்துக்கினு இருக்காங்க. இன்னும் மாடிப்படியே வரலியாம்மா?"

சாஜிதாவுக்கு முகம் சுண்டிப்போனது. மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். 2.4 கிகாஹெர்ட்ஸுக்குக் குறையாமல் ஓட வேண்டிய பிராசஸர் 0.79இல் ஊர்ந்துகொண்டிருந்தது. மெஷின் சூடாகவும் இல்லை. லேப்டாப்பில் நடப்பதெல்லாம் பதிவாகும் ஈவன்ட் வியூவரில் தேடினாள். பிராசஸரின் வேகத்தை லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் மட்டுப்படுத்துகிறது என்று ஒரு வரி, திங்கள் காலை 9.42 முதல் திரும்பத் திரும்ப வந்திருந்தது.

சார்ஜரைப் பிடுங்கினாள். வேகம் சட்டென்று மூன்றைத் தாண்டியது. சார்ஜரைத் திருப்பிப் பார்த்தாள். 45 வாட். அவளுடையது 65. மின்சாரம் போதாமல்தான் லேப்டாப் தன்னையே அடக்கிக்கொண்டிருக்கிறது.

குனிந்து வல்லரசின் மேஜைக்கு அடியில் பார்த்தாள். அங்கிருந்த சார்ஜரில், அவள் ஒட்டியிருந்த ரோஜா ஸ்டிக்கரைச் சுரண்டிய பிசின்.

அவள் சண்டை போடவில்லை. வல்லரசு சாப்பிடப் போயிருந்தான். பூட்டாமல் கிடந்த அவனுடைய லேப்டாப்பில் பவர் செட்டிங்கைத் திறந்து, பிராசஸரின் உச்ச வரம்பை நூறிலிருந்து இருபது சதவீதமாக்கிவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்கு வல்லரசு மவுஸைத் தட்டினான். நான்கு மணிக்கு லேப்டாப்பையே தட்டினான். மறுநாள் காலை சாஜிதா வந்தபோது, அவளுடைய சார்ஜர் அவள் மேஜைக்கே திரும்பியிருந்தது. கோளாறு அதில்தான் என்று நினைத்து மாற்றியிருந்தான். அப்படியும் அவன் லேப்டாப் அசையவில்லை.

"சாஜிதா, கோச்சிக்காதீங்க. என் சார்ஜரு ட்ரெயின்ல தொலைஞ்சிடுச்சு. மச்சானோட பழசை உங்களுக்கு வெச்சிட்டேன். இப்ப எதை மாட்டினாலும் என் மெஷின் பேஜாரு பண்ணுது."

"இதை அப்படியே சார்கிட்ட சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

அவன் போய்ச் சொன்னான். கிருஷ்ணசாமி திட்டிவிட்டு, அன்றே அவனுக்குப் புதுச் சார்ஜர் வரவழைத்தார். சொன்னபடி சாஜிதாவும் வரம்பை உயர்த்தினாள். நூறுக்கு அல்ல, அறுபதுக்கு. அவனால் தாமதமான வானூர் பிளானை அவள் முடிக்கும் வரை அவனுக்கு அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.