ஆடாமல் வந்த கப்பு

1973ஆம் வருஷத்துக் கப்பை எங்கள் டீம் 1974இல் ஜெயித்தது. இதைச் சொன்னால் எனக்கு மறதி வந்துவிட்டது என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தேதி, ஊர், கோல் எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன, என் நோட்டில் இதுவரை ஒரு பிழை யாரும் கண்டுபிடித்ததில்லை.

கோவளத்தில் என் அண்ணன் அப்துல் சுபஹான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். சரிசெய்த ரேடியோ ஒழுங்காகப் பாடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. நான் பார்க்கும் முறை ஒன்றுதான். சிற்றலையில் லண்டன் கிடைக்க வேண்டும், ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தாட்டத்தின் முடிவு என் காதில் விழ வேண்டும். அதுவரை எவ்வளவு பெரிய மனிதருடைய ரேடியோவாக இருந்தாலும் கடையைவிட்டு வெளியே போகாது. பழைய ஆட்டங்களின் கதை பொட்டலம் மடிக்க வந்த இங்கிலீஷ் பத்திரிகைகளில் கிடைத்தது. 1956இல் பாரிஸில் ரியல் மாட்ரிட் நான்குக்கு மூன்று. 1960இல் கிளாஸ்கோவில் அதே மாட்ரிட் ஏழுக்கு மூன்று. இப்படி ஒவ்வொரு இறுதி ஆட்டத்தையும் நோட்டில் ஏற்றிவைத்தேன். இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று உம்மா தினமும் கேட்டாள். நானும் தினமும் பதில் சொல்லவில்லை.

அந்த நோட்டைக் கேட்டு வந்த ஒரே ஆள் தணிகைவேல் அண்ணன். பக்கத்து மீனவர் குப்பத்து டீமுக்குக் கேப்டன். காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்து, சாயங்காலம் மணலில் வெறுங்காலோடு பந்து ஆடுகிறவர்கள் அவர்கள். 1973இல் செங்கல்பட்டுப் போட்டியில் இறுதிவரைக்கும் போனார்கள். டவுன் டீமோடு எழுபது நிமிடம் ஆடி ஆளுக்கு ஒரு கோல்கூட இல்லை. கமிட்டித் தலைவர் வக்கீல் சடையப்பன் சட்டைப் பையிலிருந்து எட்டணா எடுத்துச் சுண்டினார். தலை விழுந்தது. கப்பு டவுனுக்குப் போயிற்று.

மறுநாள் தணிகைவேல் அண்ணன் கடைக்கு வந்தார். "தங்கச்சி, உன் நோட்டுல காசு சுண்டுன கதை ஏதும் கீதா?"

இருந்தது. 1969இல் ஸ்காட்லாந்துக்கார செல்டிக்கும் போர்ச்சுக்கல்லின் பென்ஃபிகாவும் சரிசமமாக நின்று, நடுவர் காசைச் சுண்ட, செல்டிக் மேலே போனது. போய் என்ன, அடுத்த மே மாதத்து இறுதி ஆட்டத்தில் தோற்றது. அதோடு ஐரோப்பாக்காரர்கள் காசைக் கைவிட்டார்கள். அண்ணன் அதை மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

"அவனுங்களே வுட்டுட்டானுங்க. நம்ப வக்கீலு மட்டும் ஏன் புட்சிகினு கீறாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அந்தக் கோபம் ஒரு வருஷம் ஆறவே இல்லை. என்னுடையதும்தான்.

1974 மே 19, ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் இறுதி, மறுபடியும் அதே டவுன் டீம். கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். உம்மாவிடம் சுபஹான் அண்ணன் கூட வருகிறார் என்று சொன்னேன், உண்மைதான். ஆனால் மைதானத்தில் நான் உட்கார்ந்தது மீன்காரப் பெண்களோடு. தணிகைவேலின் அக்கா பூவாயி தினமும் செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்பவள். அன்றைக்கு மீனை விற்று முடித்து, காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெற்றிலையும் போட்டுவிட்டுத் தயாராக இருந்தாள்.

சரியாக நாலு மணிக்குப் பக்கம் பிரித்தார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு வந்தது. தணிகைவேல் அண்ணன் யோசிக்கவே இல்லை. கிழக்குப் பக்கக் கோல் போஸ்ட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கோவளத்தில் நாலு மணிக்குக் கடல்காற்று கட்டியிருக்கும் லுங்கியையே பறித்துக்கொண்டு போகும். அது முதுகில் தள்ளினால் முதல் பாதியிலேயே முடித்துவிடலாம் என்பது கணக்கு. டவுன் கேப்டன் முத்துசாமி தலையைக் குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன். பூவாயி அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்கா?"

"இந்த ஊருக்குக் கடக்காத்து வர அஞ்சாவும்டீ. அது வர்ற வரிக்கும் மீனு மேல ஈ அடங்காது. பத்து வருசமா இங்க குந்திகினு கீறேன், என்னை ஒரு வார்த்தை கேட்டானா பாரு!"

அவள் சொன்னபடியே நடந்தது. கத்திரி வெயிலில் மேற்கிலிருந்து அனல் காற்று எங்கள் ஆட்களின் முகத்தில் அடித்தது. முதல் பாதி முழுக்க அதை எதிர்த்து ஓடினார்கள். இடைவேளையில் பக்கம் மாறிக் கொஞ்ச நேரத்தில் கடல்காற்று வந்து சேர்ந்தது, மறுபடியும் முகத்துக்கு நேராக. காற்றை அறிந்த பதினோரு பேர் ஒரே ஆட்டத்தில் இரண்டு காற்றையும் எதிர்த்து ஆடிய அதிசயத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. அப்படியும் அறுபதாவது நிமிடத்தில் எங்கள் மாயவன் பந்தைத் தரையோடு தரையாக உருட்டிக் கோல் அடித்தான். நான் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினேன். பக்கத்திலிருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் ஓங்கிக் கத்தினேன்.

கடைசி நிமிடம். பின்னால் தடுக்கிற வேலை மட்டுமே பார்க்கும் முத்துசாமி, நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு உதை விட்டான். காற்று அதை ஏந்திக்கொண்டு போய் எங்கள் கோல்கீப்பரின் தலைக்கு மேல் இறக்கியது. ஒன்றுக்கு ஒன்று.

நான் நோட்டுக்குள் வைத்திருந்த பேப்பர் துண்டைத் தேடி எடுத்தேன். நான்கு நாளைக்கு முன்பு, புதன்கிழமை, பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியும் அச்சு அசலாக இப்படித்தான் முடிந்திருந்தது. அட்லெடிகோ மாட்ரிட் ஜெயித்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த கடைசி நிமிடத்தில், பேயர்ன் மியூனிக்கின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் தொலைவிலிருந்து அடித்த பந்து உள்ளே போனது. அங்கேயும் ஒன்றுக்கு ஒன்று.

வக்கீல் சடையப்பன் மைதானத்துக்குள் நடந்து வந்தார். கை சட்டைப் பைக்குள் போனது. தணிகைவேல் அண்ணன் நடு வட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்ற பத்துப் பேரும் உட்கார்ந்தார்கள்.

"என்னப்பா இது? விதிப்படி காசு சுண்டணும். எழுந்திரு."

"சுண்டிக்கோ சார். நான் பூவும் சொல்ல மாட்டேன், தலையும் சொல்ல மாட்டேன்."

"அப்படின்னா கப்பு டவுனுக்குத்தான்."

நான் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சுபஹான் அண்ணன் தூரத்திலிருந்து வேண்டாம் என்று கையாட்டினார். பார்க்காத மாதிரி கோட்டைத் தாண்டி உள்ளே போனேன்.

"சார், இந்தக் காசு சுண்டுறதை ஐரோப்பாவிலயே வுட்டுட்டாங்க. இந்தாங்க வெள்ளிக்கிழமை பேப்பரு. இதே மாரி ஒண்ணுக்கு ஒண்ணு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி ஆடணும்னு போட்டுகீது பாருங்க."

வக்கீல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டுத்தாளைப் படித்தார். இங்கிலீஷில் அச்சடித்த எதையும் அவரால் லேசில் தள்ளிவிட முடியாது. அப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே தணிகைவேல் அண்ணன் கேட்டார், "அந்த மறு ஆட்டம் இன்னா ஆச்சி தங்கச்சி?"

அதைத்தான் யாரும் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலையே ரேடியோவில் கேட்டுவிட்டேன். இன்னும் நடக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பதினோரு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஆனால் என் நோட்டில் பிழை கிடையாது.

"நாலுக்கு பூஜ்யம்ணே. கடைசி நிமிஷத்துல கோல் வாங்குனவங்கதான் தோத்தாங்க."

டவுன் டீமில் ஒருத்தன் சிரித்தான். தணிகைவேல் அண்ணன் எழுந்து பின்பக்க மண்ணைத் தட்டினார்.

"நாலு வாங்குனாலும் ஆடித்தான வாங்குனானுங்க? காசுகிட்ட தோக்கலயே? எங்களுக்கும் அதான் வேணும் சார். நாலு குடுக்கச் சொல்லு, வாங்கிக்கிறோம்."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. வக்கீல் முத்துசாமியைப் பார்த்தார். "எப்பன்னு சொல்லுங்க, ஆடிக்கலாம்" என்றான் முத்துசாமி.

செவ்வாய்க்கிழமை மறு ஆட்டம். இந்தத் தடவை அண்ணன் பூவாயி அக்காவிடம் காற்றைக் கேட்டுக்கொண்டுதான் போனார். கேட்டு என்ன பிரயோஜனம், பக்கம் தேர்ந்தெடுக்கும் உரிமை முத்துசாமிக்குப் போய்விட்டது. அவனுக்குத் தெரியாத காற்றா? மேற்கைப் பிடித்துக்கொண்டான். எங்கள் ஆட்கள் மறுபடியும் இரண்டு காற்றையும் முகத்தில் வாங்கினார்கள், காலையில் கடலுக்குப் போய் வந்த உடம்போடு. மூன்று கோல் விழுந்தது. இன்னும் ஆறு நிமிடம் இருக்கும்போது, பாவம் பார்த்து, முடித்துக்கொள்ளலாமா என்று வக்கீல் ஆள் அனுப்பினார்.

"அந்த ஆறு நிமிசமும் எங்குளுது சார்" என்று கத்தினார் அண்ணன்.

அந்த ஆறில் நான்காவது நிமிடத்தில் மாயவன் ஒரு கோல் அடித்தான். மூன்றுக்கு ஒன்று. மீன்காரப் பெண்கள் போட்ட சத்தத்தில் கப்பு யாருக்கு என்றே தெரியாதவன் எங்களுக்கு என்றுதான் நினைத்திருப்பான்.

கை கொடுக்க வந்த முத்துசாமி கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னான், "போன வருசம் கப்ப தூக்கினு போனப்போ எங்க வூட்ல ஒருத்தரும் ஒண்ணியும் கேக்கல. இன்னிக்கிதான் ஜெயிச்ச மாரி கீது."

"அப்ப போன வருசத்து கப்பு யாருது?" என்று கேட்டார் தணிகைவேல் அண்ணன். முத்துசாமி கையை விட்டுவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூவாயி அக்கா மார்க்கெட்டிலிருந்து திரும்பி, கூடையை எங்கள் கடை வாசலில் இறக்கினாள். உள்ளே செய்தித்தாள் சுற்றிய ஒரு பொருள். பிரித்தால் 1973ஆம் வருஷத்துக் கப்பு. முத்துசாமி கொடுத்தனுப்பியிருந்தான். குப்பமே கூடிவிட்டது. மாயவன் அதைத் தலைக்கு மேல் தூக்கினான். எனக்கும் கை பரபரத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருஷமாக அந்தக் கப்பு என் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"வெச்சிக்கலாம் அண்ணாத்த, அவனா குட்த்தான்" என்றான் மாயவன்.

தணிகைவேல் அண்ணன் கப்பை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு திரும்பவும் செய்தித்தாளில் சுற்றினார்.

"போன வருசம் காசு கவுந்துச்சி, அவனுக்குப் போச்சி. இப்ப முத்துசாமி மனசு கவுந்துச்சி, நமக்கு வந்துகீது. ரெண்டுலயும் எவன்டா ஆடினான்? யக்கா, நாளிக்கு இத்த எட்த்துனு போய் அவன்கிட்டயே குடு. ஞாயித்துக்கெயம கப்போட எங்க மணலுக்கு வரச் சொல்லு. போன வருசத்து ஆட்டத்த ஆடி முடிக்கலாம்னு சொல்லு."

மறுநாள் பூவாயி அக்கா வழியெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டே கப்பைச் சுமந்து போனாள். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் கேட்டானாம்.

வர மாட்டார்கள் என்று சுபஹான் அண்ணன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பஸ்ஸிலிருந்து பதினோரு பேரும் இறங்கினார்கள். மணலில் நான்கு அடி வைத்ததும் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வக்கீல் சடையப்பன். கரையேற்றி வைத்திருந்த கட்டுமரத்தின் மேல் கப்பை வைத்தோம்.

பக்கம் பிரிக்க வக்கீல் எட்டணாவை எடுத்தார். அதற்கு மட்டும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. உரிமை முத்துசாமிக்கு விழுந்தது. அவன் கடலைப் பார்த்தான், சவுக்குத்தோப்பைப் பார்த்தான், ஒன்றும் புரியாமல் நேராகப் பூவாயி அக்காவிடம் வந்தான்.

"யக்கா, காத்து இன்னும் ஒரு மணி நேரத்துல எந்தப் பக்கம் நிக்கும்?"

அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னாள். எந்தப் பாதியில் எந்தக் கோல் போஸ்ட் நல்லது என்றுகூடச் சொன்னாள். முத்துசாமி போய் அதே பக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

"யக்கா! இன்னா வேலை பண்ற நீ?" என்று தணிகைவேல் அண்ணன் அலறினார்.

"காத்து இல்லாங்காட்டி ஜெயிக்க மாட்டியா நீ?" என்றாள் அக்கா. "போய் ஆடுறா."