நாள் தவறாத பார்வையாளர்

நாளைக் காலை அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. சின்னவனைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்கிறாள். அப்பாவோடு சண்டையிட்டு வெளியேறிய தம்பி எண்ணையும் மாற்றிவிட்டான். அவன் விட்டுச்சென்றது, அப்பாவின் கடிகாரப் பழுதுக் கடைக்கு உருவாக்கிய இணையதளம் மட்டுமே. அதைப் பார்ப்பவர்களைச் சர்வர் குறித்துவைக்குமாம்; அவன் எட்டிப்பார்த்திருந்தால் தடம் இருக்கும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மடிக்கணினியைத் திறந்துகொண்டு, தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவன ஊழியரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"லாக் ஃபைல்தானே மேடம்? கன்ட்ரோல் பேனல்ல 'லாக்ஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும்."

"இருக்கு. திறந்தா ஒரே கிறுக்கலா வருது."

"சுருக்கி வச்ச ஃபைல் மேடம். மூட்டையப் பிரிக்காம உள்ள இருக்கறது தெரியுமா? முதல்ல எக்ஸ்ட்ராக்ட் பண்ணுங்க."

பிரித்தேன். ஒவ்வொரு வரியிலும் வந்தவரின் இணைய முகவரி எண், நேரம், பார்த்த பக்கம். பெரும்பாலானவை தேடுபொறிகளின் தானியங்கி வருகைகள். அவற்றுக்கிடையே ஒரே ஒரு முகவரி, நாள் தவறாமல், 'எங்களைப் பற்றி' பக்கத்தை மட்டும் திறந்திருந்தது. தம்பியும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் படம் உள்ள பக்கம். அவனேதான் என்று நினைத்தேன்.

"இந்த ஆள் எங்க இருக்கான்னு சொல்ல முடியுமா?"

"நாங்க இடம் குடுக்கறவங்க மேடம், துப்பு துலக்கறவங்க இல்ல." சற்றுத் தயங்கினார். "எதுக்கும் உங்க கடை ஐபிய, அதான் அந்த முகவரி எண்ண, ஒரு தடவ சரிபாத்துடுங்க."

அந்த எண்ணை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். கடைக்கு அழைத்தேன். அப்பா நிறுத்தி நிறுத்திப் படித்தார். கடைசி இலக்கம் வரை பொருந்தியது.

"அப்பா, நம்ம தளத்த தினமும் பாக்கறது நீங்களா?"

"கடை திறந்திருக்கான்னு பாத்தேன்."

கடைக்குள் உட்கார்ந்துகொண்டு.

"அவன் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னீங்களே?"

"எடுத்தேனா? பாத்தேன், அவ்வளவுதான்."

அவனைப் பார்க்காமல் அம்மா அறுவைக்குப் போகமாட்டேன் என்பதைச் சொன்னேன். அவர் அழைப்பைத் துண்டித்தார். சிறிது நேரத்தில் தாழ்வாரத்தின் கோடியில் தென்பட்டார். நெற்றியில் ஏற்றிய உருப்பெருக்கியைக் கழற்ற மறந்தே வந்திருந்தார். என் பக்கத்தில் அமர்ந்தார்.

"மீதி வரியெல்லாம்?"

"எல்லாம் மெஷின்தான்பா. ஆள் யாரும் இல்ல."

"ஒருத்தன்கூடவா?"

"நீங்க ஒருத்தர்தான்."

உள்ளே அம்மா யாரிடமோ, "வந்துட்டானா?" என்று கேட்பது கதவைத் தாண்டி வந்தது. அப்பா உருப்பெருக்கியைக் கண்ணுக்கு இறக்கித் திரையை நோக்கிக் குனிந்தார்.

"முதல்லேருந்து படி," என்றார். "மெதுவா."