கண்ணாடி மேல் கிடந்த அட்டை

“அந்த அட்டையைத் தூக்கிக் குப்பையில போடுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“கத்தாதீங்க. மாடிவீட்டு அக்கா காதைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்காங்க.”

ஒட்டித்தான் வைத்திருந்தாள். இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடை புருஷன் பெண்டாட்டி சண்டை தெருவுக்கு எப்படி வரும்?

முந்தாநாள் காலை அடையாள அட்டையை நீட்டி, “மூணு காப்பி போடும்மா” என்ற பெரியவர் கடைப்படியிலேயே சரிந்துவிட்டார். வரிசையில் ஒன்பது பேர். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். இடத்தை விட மனம் வராமல் அவரைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். கடைக்குத் தெரிந்தவர் என்று வரிசை நினைத்தது, வரிசையில் யாரோடோ வந்தவர் என்று கடை நினைத்தது. வரிசையில் நின்ற டியூஷன் வாத்தியார் மட்டும் குனிந்து பார்த்தார், தன் தாள் ஏதும் விழுந்துவிட்டதோ என்று. அரை மணி கழித்து எதிர்க்கடைத் தையல்காரர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போது கடைக்காரி பார்த்தாள். அட்டை மேசைக் கண்ணாடி மேல், தாள்கட்டுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது.

“பேர்கூடத் தெரியாம ஆஸ்பத்திரியில கிடக்காருங்க. வீட்டுல தேட மாட்டாங்களா?”

“முன்னாடி அடிபட்டுக் கிடந்த ஒருத்தனை ஆட்டோவுல ஏத்திவிட்டேன். நீதான இடிச்சேன்னு மூணு மாசம் ஸ்டேஷனுக்கு அலைய விட்டாங்க. இப்ப அட்டையோட போனா, அரை மணி நேரம் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே, மகராணி?”

அவளும் அந்தக் கேள்விக்குத்தான் பயந்தாள். இரண்டு நாளாக அட்டை மேசை டிராயரில் கிடந்ததும் அதனால்தான்.

மறுநாள் விடிந்ததும் சொல்லாமல் கிளம்பினாள். அட்டையிலிருந்த விலாசத்தில், செருப்பைக்கூடக் கழற்றாத ஓர் அம்மா, பெரியவரின் மனைவி, கதவைத் திறந்தாள். “நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிட்டேம்மா” என்றாள். ஆம்புலன்ஸ் போன ஐந்தாவது ஆஸ்பத்திரிக்கு இருவருமாகப் போனார்கள். பெயர் தெரியாதவர் என்று எழுதியிருந்த கட்டில் காலியாக இருந்தது. விடியற்காலையில் உயிர் போய்விட்டதாம்.

அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். “விழுந்தப்போ பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

“நிறையப் பேர் இருந்தாங்கம்மா.”

“அது போதும்” என்று கடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள் அந்த அம்மா.

டியூஷன் வாத்தியாருக்கு அந்த வருஷமே கல்யாணமாயிற்று. ஜெராக்ஸ் கடைக்குப் பத்திரிகை வைக்க வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த அட்டைச் சண்டை தீரவேயில்லை; புருஷன் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான், அவள் கூடப்பிறந்த அக்கா வீட்டோடு. மிஷினை வாங்கியவன் தெருமுனையில் கடை போட்டிருக்கிறான். வரிசை இப்போதும் நீளமாகத்தான் நிற்கிறது.