அறுபதாவது நிமிடம்

என் மனைவி ஞானாம்பிகை நெருப்புக்காய்ச்சலில் இறந்த முப்பத்தோராம் நாள் காலை ஐஸ் வந்தது. இரண்டு கிழமையாகக் கடலுக்குப் போகத் தடை. மீன் வராததால் குருநகர் ஐஸ் ஆலையும் ஓடவில்லை. அன்றுதான் ஆய்வுகூட உதவியாளர் இன்னாசித்தம்பி ஒரு கட்டியை உமிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்தார்.

"ஈஸ்டுக்கு ஐஸ் காவினவன் நான் ஒருத்தன்தான், சேர். உந்த ஈஸ்டைவிடக் கள்ளுமுட்டியிலை கூட நுரைக்கும்."

ஈஸ்ட் கலங்களை முதல்நாளே பட்டினி போட்டிருந்தேன். பசித்தால் எல்லாம் ஒரே கட்டத்தில் நின்றுவிடும். சீனி கொடுத்தால் ஒன்றாகப் புறப்படும். முதலில் டிஎன்ஏயைப் பிரதி செய்யும், பிறகு இரண்டாகப் பிரியும். பிரதி செய்யும் நொதியத்தின் ஒரு பகுதியில் இடையில் ஒரு பொஸ்பேற்று ஒட்டுகிறது. கலம் பிரியும்போது கழன்றுவிடுகிறது. எந்த நிமிடத்தில் ஒட்டுகிறது என்பதே என் முதுமாணி ஆய்வு. அதைக் காட்டும் பிறபொருளெதிரிக் கரைசல் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒரு தடவைக்குத்தான் மிச்சம்.

ஒன்பது மணிக்குக் கீரிமலையில் அவளுடைய அந்தியேட்டிச் சடங்கு. கணவன் இல்லாமல் நடக்காது. எடுக்கும் கலங்களை அந்தந்த நிமிடத்திலேயே நிறுத்த ஐஸ் வேண்டும்; அது மத்தியானம் வரை நிற்காது.

"போங்கோ சேர். கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா, குழாயிலை கோடு போட்ட அளவுக்கு எடுத்து, மூடி, ஐஸுக்குள்ளை. நான் என்ன குழந்தையே?"

சீனியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனேன்.

பின்னேரம் திரும்பி வந்தேன். ஒன்பது குழாய்கள் இருந்தன. அறுபதாவது நிமிடமும் எழுபத்தைந்தாவதும் அரைவாசிதான்.

"அண்ணை, இது ரண்டும் ஏன் குறைய?"

அவர் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தார்.

"ஆமி வந்தவங்கள் சேர். எல்லாரையும் முற்றத்திலை நிப்பாட்டி அடையாள அட்டை பாத்தவங்கள். வந்து பாத்தா அறுபதாவது நிமிசம் கடந்துபோட்டுது. இண்டைக்கு உங்களுக்கு வெறுங்குழாயைக் காட்ட மனம் வரேல்லை. அடுத்ததிலை பாதியை அதுக்குள்ளை ஊத்தினன்."

"எழுபத்தைந்திலை கூடுதலா எடுத்திருக்கலாமே."

"ஒருக்காலுக்குக் கோட்டளவுதான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

அடுத்த கிழமை படத்தாள் கழுவி வந்தது. நாற்பத்தைந்தாவது நிமிடத்துக்கு நேரே ஒரு பட்டை. எழுபத்தைந்தில் அதற்கு மேலே இன்னொன்று, பொஸ்பேற்று ஒட்டியது. நொதியம் அந்த அரை மணிக்குள் மாறியிருந்தது. எப்போது என்று சொல்ல வழியில்லை.

மேற்பார்வையாளர் பஞ்சலிங்கம் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"அறுபதிலை எண்டு போடும். ஆர் வந்து பாக்கப்போறான்? இல்லாட்டி இதுக்குப் பட்டம் தரமாட்டாங்கள், தம்பி."

"நான் பாக்கேல்லை, சேர்."

"அப்ப ரண்டு வருசமும் வீண்."

"ஓம்."

அட்டவணையில் அறுபதுக்கு நேரே 'எடுக்கப்படவில்லை' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்தபோது இன்னாசித்தம்பி பின்னால் வந்து நின்றார்.

"என்ரை பேரைப் போடுங்கோ சேர். இல்லாட்டி ஆமியெண்டு போடுங்கோ. அவங்கள் வாசிக்கப்போறாங்களே?"

'ஆய்வாளர் அங்கே இருக்கவில்லை' என்று எழுதினேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு குழாய்களைக் கழுவக் கொண்டுபோனார்.