பதினோரு பார்

கள்ளிக்குப்பம் பத்மாவுக்கு வாத்தியக்காரர்களுக்கான நொட்டேஷனை, அதாவது சுரக்குறிப்புத் தாள்களைப், படியெடுத்துக் கொடுக்கும் வேலை. சினிமாப் பாட்டுகள் எத்தனையோ எழுதியிருக்கிறாள். தொண்ணூற்று ஒன்றில் அவளிடம் வந்தது ஒரு முழு சிம்பொனி. இயற்றியவர் பரங்கிமலையில் தேவாலய ஆர்கன் வாசித்த எட்வின் துரைராஜ். நாற்பத்து மூன்றாம் வருஷம் முடித்தார், ஐம்பதாம் வருஷம் இறந்துபோனார். யாரும் அதை வாசிக்கவே இல்லை. அவர் காதிலேயே அது விழுந்ததில்லை. இப்போதுதான் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப் போகிறார்கள்.

வாத்தியக் குழுவை நடத்தவிருந்த டேவிட் சார் ஜெராக்ஸ் பிரதியை வைத்துப் படித்தவர். மூன்றாம் பகுதியில் பதினோரு பார்களை, அதாவது தாளக் கட்டங்களை, விட்டுவிடச் சொல்லிவிட்டு டெல்லிக்குப் போயிருந்தார். "ஒரே ஒரு பாஸ் வயலின் மட்டும் இருக்கு. மத்த வாத்தியங்களோட வரியெல்லாம் காலி. மனுஷர் முடிக்காம விட்டுட்டார்."

பத்மாவிடம் இருந்தது அசல் தாள். அந்தப் பக்கம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். காலி வரிகளில், கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் தெரிகிற மங்கலான பென்சிலில் ஓய்வுக்குறிகள். இருபத்து மூன்று வரி, பதினோரு பார், ஒவ்வொன்றிலும் ஒன்று. ஜெராக்ஸில் அவை விழவே இல்லை. முடிக்காமல் விட்டவர் இத்தனை தடவை 'சும்மா இரு' என்று எழுதுவாரா? அவள் அப்படியே படியெடுத்தாள்.

அறுபது பேர் உட்கார ஸ்டூடியோ கிடைக்காமல், பருத்திப்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். ஒத்திகையில் டேவிட் சார் அந்த இடத்தைத் தாண்டிப் போக, வாத்தியக்காரர்கள் தாளில் உள்ளபடி சும்மா இருக்க, எல்லாம் குழம்பி நின்றது.

"யார் எழுதினது இது?"

பத்மா எழுந்தாள். "நான்தான் சார். அசலைப் பாருங்க. பென்சில்ல கீது."

அவர் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். திரும்பி வந்து, "ஃபேனை நிறுத்துங்க. டேப்பை ஓட விடுங்க. கோவிந்தராஜ், இருக்கிறபடியே வாசிங்க" என்றார்.

மற்றவர்கள் வில்லையும் குழலையும் மடியில் இறக்கினார்கள். கோவிந்தராஜின் ஆளுயர பாஸ் வயலினிலிருந்து ஒரே கீழ்ச்சுரம் புறப்பட்டது. தரை வழியாகப் பத்மாவின் உள்ளங்காலில் ஏறியது. நாலு, ஐந்து என்று பார்களை எண்ணினாள். ஏழாவது பாரில் அந்தச் சுரத்துக்கு மேலே, வெகு உயரத்தில், இன்னொரு சுரம் கேட்டது. அதை வாசித்தவர் யாருமில்லை. பன்னிரண்டாவது பாரில் புல்லாங்குழல் நுழைந்தது, சரியாக அதே சுரத்தில்.

அந்தப் பகுதி முடிந்ததும் டேப்பை நிறுத்தினார்கள்.

கோவிந்தராஜ்தான் மெல்லக் கேட்டான். "இன்னாக்கா, மேல ஒண்ணு கேட்டுச்சே. நான் வாசிச்சது ஒண்ணுதான்."

"எனக்கும் கேட்டுச்சுப்பா. உன் சுரத்துக்குள்ளேயே இருக்கிற மேல்சுரம் அது. மத்தவங்க சும்மா இருந்தாத்தான் அது கேக்கும்னு இதை எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்த முதல் தடவை வாசித்ததுதான் பின்னால் இசைத்தட்டில் வந்தது. அன்றைக்கு நாலாம் பகுதித் தாள்களைக் கொடுக்கையில் பத்மாவின் காதில் இன்னும் அந்த மேல்சுரம்தான். புல்லாங்குழல்காரருக்கு டிரம்பெட் தாளைக் கொடுத்துவிட்டாள்.