பச்சைத் துணி வேலி

காலை ஏழு மணிக்கு வீடற்றோர் காப்பகத்தின் கதவை மூடினால் மாலை ஐந்துக்குத்தான் மறுபடி திறப்பார்கள். நடுவில் உள்ள பத்து மணி நேரமும் எழுபது எண்பது பேர் ஏழாவது தெரு நடைபாதையில்தான் கிடக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். அமெரிக்காவின் ஒரேகானில் மழை பிடித்தால் சுலபத்தில் விடாது. மார்லிஸ் டோஃப்டேவுக்கு மழைகூடப் பெரிதில்லை. அறுபத்துமூன்று வயதில் அடக்கிக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மூலையில் இருந்த பெட்ரோல் பங்கில் ஏதாவது வாங்கினால்தான் கழிப்பறைச் சாவியைக் கொடுப்பார்கள். அதற்குப் பயந்தே அவள் மத்தியானம் வரை தண்ணீர் குடிக்க மாட்டாள்.

ஆனால் அந்த நடைபாதையில் அவளுக்கென்று ஒன்று இருந்தது. காலை ஏழு நாற்பதுக்குப் பதினான்காம் எண் பஸ் அந்த வழியாகப் போகும். அதை ஓட்டுகிறவன் அவள் மகன் டேரல்.

அவனோடு அவள் பேசி இரண்டு வருடம் ஆகிவிட்டது. அப்போது அவள் அவன் வீட்டில் இருந்தாள், குடித்துக்கொண்டும் இருந்தாள். ஒருநாள் சூப்புச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியிலேயே மயங்கிப்போனாள். சமையலறை முழுக்க எரிந்தது. பேத்தி மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மருமகள் ஜோலீன் கத்தவில்லை, திட்டவில்லை. நாங்களாக வரும்வரை நீங்கள் எங்களைத் தேடி வரக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மார்லிஸ் சரி என்று வாக்குக் கொடுத்தாள். குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆன பிறகும் அந்த வாக்கை அவள் மீறவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, சிக்னலில் நின்ற பஸ்ஸை யதேச்சையாக நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே டேரல். அவனும் பார்த்துவிட்டான். மறுநாளும் அதே இடத்தில் நின்றாள். அவன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினான். அதன்பிறகு ஞாயிறும் திங்களும் போக மற்ற நாளெல்லாம் அப்படித்தான். ஏழரை ஆனதும் அவள் தலைசீவுவதைப் பார்த்து, அதே காப்பகத்தில் தங்கும் கிளீட்டஸ் யாரு மாப்பிள்ளை என்று கிண்டல் செய்தான். வயதான மரவெட்டி, வாய் கொஞ்சம் நீளம். வேறு வழியில்லாமல் அவனிடம் மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் கிண்டல் செய்வதை விட்டுவிட்டான். யாராவது அவள் முன்னால் போய் நின்றால் மட்டும், "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, அந்தம்மாவுக்கு வெளிச்சம் வேணும்" என்பான்.

ஏப்ரலில் வேலை ஆரம்பித்தது. காப்பகத்தை நடத்தும் யொலாண்டா, பக்கத்திலிருந்த வண்டி நிறுத்தும் இடத்தைப் பகல் முழுக்கப் பயன்படுத்த இரண்டு வருடம் மனு மேல் மனுவாகப் போட்டு அலைந்திருந்தாள். கடைசியில் ஆறு மாதத்துக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. ஒரே வாரத்தில் பெரிய பந்தல், பெஞ்சுகள், மூட்டை வைக்கப் பூட்டுப்பெட்டிகள், நான்கு கழிப்பறைகள், கை கழுவக் குழாய் எல்லாம் வந்து இறங்கின. சுற்றிலும் ஆளுயரக் கம்பி வேலி போட்டு, அதில் பச்சைத் துணியை இழுத்துக் கட்டினார்கள். எதிர்க் கடைக்காரர்களுக்காக நகராட்சி வைத்த நிபந்தனை அது. இன்னொன்றும் இருந்தது: இனிமேல் பகலில் யாரும் நடைபாதையில் நிற்கக் கூடாது, நின்றால் அனுமதி ரத்து.

திறந்த அன்று மார்லிஸ் கழிப்பறைக்குப் போய்வந்து குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் மணி பார்த்தாள். ஏழு முப்பத்தெட்டு. எழுந்து வேலியோரம் ஓடினாள். எங்கு பார்த்தாலும் பச்சை. இரண்டு துணி சேரும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு இருந்தது. அதில் கண்ணை வைத்தாள். பஸ் வந்தது, கொஞ்சம் மெதுவானது, போய்விட்டது. அவளுக்கு அவன் தெரிந்தான். அவனுக்கு அவள் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

மறுநாளும் அதேதான். பின்னால் வந்த கார் ஹாரன் அடிக்கும் அளவுக்கு பஸ் ஊர்ந்தது. மூன்றாம் நாள், டேரல் கழுத்தை நீட்டி வெறும் நடைபாதையைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

கிளீட்டஸ் சலித்துக்கொண்டான். "அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போனா அஞ்சு நிமிஷம். போய் நில்லேன். பஸ்தானே, யார் வேணா நிக்கலாம்."

"இங்க நின்னா அது நான் இருக்குற இடம்," என்றாள் மார்லிஸ். "அங்க போய் நின்னா அது தேடிப் போறது. சொல்லியிருக்கேன்ல, மாட்டேன்னு."

"அப்ப யொலாண்டாகிட்ட சொல்லு, துணிய கொஞ்சம் கிழிச்சு விடட்டும்."

அதற்கும் அவளுக்கு மனம் வரவில்லை. தன் ஒருத்திக்காகத் துணியை அவிழ்க்கப்போய் யாராவது புகார் கொடுத்துவிட்டால், எழுபது பேரும் மறுபடி மழையில் நிற்க வேண்டும். பெட்ரோல் பங்கு சாவியை நினைத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பஸ் போகவில்லை. ஓரமாக நின்றது. டேரல் பயணிகளிடம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு இறங்கி, மழையில் நனைந்தபடி வாசலை நோக்கி நடந்து வந்தான். மார்லிஸ் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் யொலாண்டாவே நின்றிருந்தாள். மார்லிஸ் டோஃப்டே இருக்கிறாளா என்று அவன் கேட்டான். இங்கே தங்குகிறவர்கள் யார் என்று வெளியாட்களிடம் சொல்வதில்லை என்று யொலாண்டா சொன்னாள். தான் அவளுடைய மகன் என்றான். மகனாக இருந்தாலும் விதி விதிதான், பெயரை எழுதிக் கொடுத்தால் அப்படி ஒருவர் இருக்கும் பட்சத்தில் தகவல் சேரும் என்று அவள் பொறுமையாகவே விளக்கினாள்.

டேரல் விடவில்லை. "எங்க இருக்காங்கன்னு சொல்ல வேணாங்க. நாலு நாளா காணோம். உசுரோட இருக்காங்களா, அத மட்டும் சொல்லுங்க."

மார்லிஸ் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"வேலி போட்டுட்டாங்கப்பா," என்றாள். "உள்ளதான் இருக்கேன். நல்ல வசதி பண்ணியிருக்காங்க. கழிப்பறை இருக்கு. கை கழுவ சுடுதண்ணி வருது."

அவனிடமிருந்து சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது. "சுடுதண்ணி வருதா," என்றான். "நான் உன்ன பொணமா நினைச்சுட்டு நாலு நாளா வண்டி ஓட்டிட்டிருக்கேன்மா."

"வெளிய நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. உன்னத் தேடியும் வரக்கூடாது. என்ன பண்றதுன்னு தெரியல."

"ஜோலீன்தான் காலைல சொன்னா. எறங்கிப் போய்க் கேளுன்னு."

மார்லிஸ் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்குத் தெரியுமா? நான் இங்க நிக்கிறது?"

"முதல் நாளே சொல்லிட்டேன். தினமும் ராத்திரி கேப்பா, இன்னைக்கு இருந்தாங்களான்னு."

பஸ்ஸிலிருந்து யாரோ ஹாரனை ஒருமுறை மெல்ல அழுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை தனக்கு லீவு, வரலாமா என்று டேரல் யொலாண்டாவிடம் கேட்டான். இரண்டிலிருந்து நான்கு வரை பார்வையாளர் நேரம் என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் ஓடிப் போய் வண்டியேறினான்.

ஞாயிறு அன்று கொட்டித் தீர்த்தது. டேரல் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான். ஒரு மணி நேரம் இருவரும் பந்தலடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தீயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான், சைக்கிள் பழகி முட்டியெல்லாம் சிராய்ப்பு என்று. பந்தலின் ஒரு மூலையில் மழைநீர் தேங்கித் தொட்டி போலத் தொங்கியது. கிளீட்டஸ் துடைப்பக்கட்டையால் குத்திப் பார்த்தும் அசையவில்லை. டேரல் எழுந்து போய்த் தோள் கொடுத்துத் தூக்கினான். தண்ணீர் முழுவதும் அவன் மேலேயே கவிழ்ந்தது. பந்தலே சிரித்தது. மார்லிஸ் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவன் தலையைத் துவட்டினாள். அவன் குனிந்து கொடுத்தான்.

யொலாண்டா பின்னர் விஷயம் அறிந்து, துணியைத் தோளுயரத்துக்குக் குறைக்க நகராட்சிக்கு எழுதினாள். பதில் வர ஏழு வாரம் ஆனது, அதுவும் மறுப்பாகத்தான் வந்தது. அதற்குள் அது மார்லிஸுக்குத் தேவைப்படவில்லை. எல்லா ஞாயிறும் டேரல் வந்துகொண்டிருந்தான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு ஜோலீனும் வந்தாள். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். மார்லிஸ் எழுந்தாளே தவிர, அவளை நோக்கி ஓரடியும் வைக்கவில்லை. ஜோலீன்தான் நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "இளைச்சுட்டீங்க," என்றாள். அன்று அவர்கள் பேசியது பெரும்பாலும் வெயிலைப் பற்றித்தான்.