கரண்ட் வேண்டாம் என்றவள்

புற்றுநோய் வார்டில் எல்லாரும் அவளைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் சொன்னது விளங்காவிட்டால் நோயாளியின் வீட்டார் அவளிடம்தான் ஓடி வருவார்கள். லாரி ஓட்டுநரின் மனைவியும் அப்படித்தான் வந்தாள். புருஷனுக்கு நோய் இடுப்பெலும்புவரை பரவியிருந்தது. புரட்டிப் படுக்க வைத்தாலே அலறுவார்.

“கரண்ட் வைக்கலாம்னு டாக்டர் சொல்றாரு சிஸ்டர். வைக்கட்டுமா?”

“குணமாகும்னு சொன்னாரா?”

“இல்ல, அது ஆகாதுன்னுட்டாரு.”

“அப்புறம் எதுக்கும்மா? போற நேரத்துல உடம்பை வேற சுட்டுப் பொசுக்கணுமா? நிம்மதியா விடுங்க.”

மனசார நல்லதை நினைத்துத்தான் சொன்னாள். கரண்ட் என்று சனங்கள் சொல்லும் கதிர்வீச்சு நோயை அழிக்க என்றுதான் படித்திருந்தாள். அதற்கு மேல் யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. மனைவி வேண்டாமென்று கையெழுத்துப் போட்டாள். வலிக்கு மார்ஃபின் மருந்து கொடுக்கக் கொடுக்க மயக்கம் வந்ததே தவிர, வலி விட்டபாடில்லை. ஓட்டுநர் பல்லைக் கடித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

பிறகு அதே படுக்கைக்கு, அதே மாதிரி எலும்பில் நோய் பரவிய ஒரு டீச்சர் வந்தார். பெரிய சிஸ்டரிடம் யோசனை எதுவும் கேட்காமல் கதிர்வீச்சுக்குப் போனார். ஒரே ஒரு தடவைதான். சில வாரங்களில் கட்டிலில் உட்கார்ந்து தன் தலையைத் தானே வாரிக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதிர்வீச்சுப் பிரிவு நர்ஸைப் பிடித்துக் கேட்டாள்.

“அது நோய் தீர இல்லக்கா, வலி குறைய. எலும்பு வலின்னா நிறைய பேருக்கு நல்லா கேக்கும். உங்களுக்குத் தெரியாதா?”

ஓட்டுநரின் மனைவி ஒருநாள் வந்தாள். பிரிக்காத டயப்பர் பாக்கெட்டுகள் வேறு யாருக்காவது ஆகட்டும் என்று கொண்டுவந்திருந்தாள்.

“நீங்க மட்டும் சொல்லலைன்னா அவரைச் சுட்டுப் பொசுக்கியிருப்பாங்க சிஸ்டர். சாகிற வரைக்கும் உங்களை மறக்க மாட்டேன்.”

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

“நான் தப்பாச் சொல்லிட்டேன்மா. அது வலி குறையத்தான் வைக்கிறாங்க. எனக்கே அப்போ தெரியல.”

திட்டுவாள், கன்னத்தில் அறைவாள் என்று காத்திருந்தாள். ஓட்டுநரின் மனைவியோ டயப்பர் பாக்கெட்டின் ஓரத்தை நீவிக்கொண்டே நின்றாள்.

“வலி குறையும்னு டாக்டரும் சொன்னாரு சிஸ்டர். நான்தான் காதுல வாங்கல. கையெழுத்துப் போட்டதும் நான்தானே.”

“ஐயோ இல்லம்மா, நான் சொன்னதாலதான...”

“விடுங்க. உங்களுக்கு அவர் யாரோ. எனக்குப் புருஷன்.”

பாக்கெட்டுகளைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினாள். உண்மையைக் கொட்டித் தீர்த்ததில் பெரிய சிஸ்டருக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருந்தது. அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.